இலவங்கப்பட்டை: அடையாளமும் அளவும்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆவில் தேனின் சிறப்பைப் பற்றிப் பயான் செய்துகொண்டிருந்தேன். அந்நஹ்ல் அத்தியாயத்தில் தேனீயைக் குறித்து வந்துள்ள வசனங்களை விளக்கி முடித்தபின், தொழ வந்த ஒருவர் முந்தைய வாரம் என் கையில் கொடுத்துச் சென்ற பிரசுரம் ஒன்றையும் வாசித்துக் காட்டினேன். தேனுடன் இலவங்கப்பட்டைத் தூளைக் கலந்து உண்டுவந்தால் நீரிழிவு, மூட்டுவலி, இரத்தக் கொழுப்பு, இருதய நோய் ஆகிய அனைத்தும் தீரும் என்பது அதிலிருந்த செய்தி. மக்கள் ஆர்வத்துடன் கேட்டனர். பிரதி எடுத்துக் கேட்டவர்களும் உண்டு.

எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் அன்றே மளிகைக் கடைக்குச் சென்று கால் கிலோ பட்டை வாங்கி அரைத்து வைத்துக்கொண்டார். நாளொன்றுக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் வெந்நீரில் கலந்து குடித்தார். கூடவே, பல ஆண்டுகளாக உண்டுவந்த சர்க்கரை மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார். மூன்று மாதங்கள் கழித்து அவரை நான் பார்த்தது மருத்துவமனைக் கட்டிலில். காலில் ஏற்பட்ட புண் ஆறாமல், ஒரு விரலை எடுக்கும்படி ஆயிற்று. பெரியவர் என்னை ஒரு வார்த்தையும் குறை கூறவில்லை. அவருடைய துணைவியார்தாம், "ஹஜ்ரத் மிம்பர்ல சொன்னாங்கன்னுதான் குடிச்சாருங்க" என்றார். குற்றம் சாட்டும் குரலில் அன்று. காரணம் சொல்லும் குரலில். அந்தச் சொல் இன்றுவரை என் காதில் இருக்கிறது.

நான் வாசித்த பிரசுரம் எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகுதான் தேடினேன். 1995 ஜனவரி 17 தேதியிட்ட ஒரு வெளிநாட்டு வார இதழில் வந்ததாக அதிலேயே குறிப்பிடப்பட்டிருந்தது. ‘வீக்லி வேர்ல்டு நியூஸ்’ என்னும் அவ்விதழ் அமெரிக்காவில் அச்சாகி வந்தது. வேற்றுக்கிரகத்தார் வந்து இறங்கினர், பாதி மனிதனும் பாதி வௌவாலுமான சிறுவன் பிடிபட்டான் என்பன போன்ற கற்பனைச் செய்திகளுக்குப் பெயர்போனது. அதில் வந்த துணுக்கு மின்னஞ்சலாகவும் துண்டுப் பிரசுரமாகவும் ஊர் ஊராகச் சுற்றி, ஒரு பள்ளிவாசல் மிம்பர் வரை வந்து சேர்ந்திருக்கிறது. தேன் என்ற சொல் அதில் இருந்ததால் நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. தேனைப் பற்றி இறைமறையில் வந்துள்ளது. கருஞ்சீரகத்தைப் பற்றி ஹதீஸில் வந்துள்ளது. இலவங்கப்பட்டையைப் பற்றி அந்தத் துணுக்கு சொன்னதற்கு அப்படிப்பட்ட ஆதாரம் எதுவும் கிடையாது.

அதன்பின் கற்றவர்களிடம் கேட்டும் நூல்களைப் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கு முன்வைக்கிறேன். பட்டை கெட்ட பொருளன்று. நல்ல பொருள்தான். ஆனால் எந்தப் பட்டை, எவ்வளவு என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் அதை மருந்தாக்குவதில்தான் ஆபத்து இருக்கிறது.

மரமும் பெயரும்

இலவங்கப்பட்டை தரும் மரத்தைக் கருவா மரம் என்றும் அழைப்பர். இலங்கைத் தமிழர் கறுவா என்றே எழுதுவர். என்றும் பசுமையாக நிற்கும் இம்மரத்தின் தளிர் செம்மையாகத் துளிர்த்துப் பின் பச்சையாக மாறும். இலையைக் கையில் எடுத்தால், காம்பிலிருந்து நுனியை நோக்கி ஓடும் மூன்று தடித்த நரம்புகள் தெளிவாகத் தெரியும். இதை வைத்தே மரத்தை அடையாளம் காணலாம். கற்பூரம் எடுக்கப்படும் மரமும், நாம் பிரியாணியில் போடும் பிரிஞ்சி இலை மரமும் இதன் நெருங்கிய உறவினங்களே.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. முதலில் அதைத் தீர்த்துக்கொள்வோம். சித்த மருத்துவ நூல்களில் இலவங்கம் என்று மட்டும் வந்தால் அது பெரும்பாலும் கிராம்பையே குறிக்கும். இலவங்கப்பட்டை என்றால்தான் நம் பட்டை. கிராம்பு மரமும் கருவா மரமும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. நாட்டு மருந்துக் கடையில் சீட்டைக் கொடுக்கும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

கருவா மரத்திற்கு மிகுந்த மழையும் ஈரமான காற்றும் தேவை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் நிலம் அதற்கு ஏற்றது. கோவைச் சமவெளியில் பெய்வதோ 700 மில்லிமீட்டரை ஒட்டிய அளவுதான். எனவே பல்லடத்திலோ அவிநாசியிலோ இதை எதிர்பார்க்க இயலாது. ஆனால் நாம் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் சாலையில் ஏறும்போது கல்லாறும் பர்லியாறும் வருகின்றனவே, அங்குள்ள அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளில் சாதிக்காய், கிராம்பு ஆகியவற்றுடன் பட்டை மரமும் வளர்கிறது. பிள்ளைகளுடன் ஊட்டிக்குச் செல்பவர்கள் சற்று இறங்கிப் பார்க்கலாம். கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏற்காட்டிலும் பேச்சிப்பாறையிலும் உள்ள தன் ஆராய்ச்சி நிலையங்களிலிருந்து கருவா ரகங்களை வெளியிட்டுள்ளது. ஆனைமலை, நீலகிரி மலைகளின் சோலைக் காடுகளில் இதன் காட்டு இனங்களும் உள்ளன. அவற்றின் பட்டையை உரித்து நல்ல பட்டையுடன் கலந்து விற்பதும் நடக்கிறது.

தோட்டத்தில் மரத்தை மரமாக வளர விடுவதில்லை. இளம் பருவத்திலேயே அடியோடு வெட்டிவிடுவர். வேரடியிலிருந்து பல தளிர்கள் கிளைத்துக் குச்சிகளாக நீளும். ஏறக்குறைய இரண்டு ஆண்டு வளர்ந்த குச்சிகளை, மழை பெய்து பட்டை இளகியிருக்கும் பருவத்தில் வெட்டி எடுப்பர். மேல்தோலைச் சுரண்டி நீக்கியபின், பித்தளைக் கோலால் குச்சியை நன்கு தேய்ப்பர். உட்பட்டை மரத்தை விட்டுத் தளர்ந்துவிடும். பிறகு சிறு கத்தியால் வளையம்போல் கீறி, நீளவாக்கில் பிளந்து உரித்து எடுப்பர். காகிதம் போன்ற அந்த உட்பட்டைகளை ஒன்றினுள் ஒன்றாகச் செருகி, நிழலில் உலர்த்தி, நாள்தோறும் உருட்டி உருட்டிச் சுருளாக்குவர். வெட்டிய அடிமரம் மீண்டும் துளிர்க்கும். காட்டில் மரத்தைச் சுற்றிப் பட்டையை உரித்துவிட்டால் மரம் பட்டுப்போகும். தோட்டத்தில் முறையாக வெட்டினால் அதே வேர் பல்லாண்டு பலன் தரும்.

கடலோடிகள் அறிந்த பட்டை

மேலே கூறிய முறையில் உரிக்கப்படும் மெல்லிய பட்டையின் தாயகம் இலங்கை. இன்றும் உலகச் சந்தைக்கு வரும் அத்தகைய பட்டையில் மிகப் பெரும்பகுதி அங்கிருந்தே வருகிறது. ஆதம் மலையைக் காண 1344ஆம் ஆண்டு இலங்கைக்குச் சென்ற இப்னு பதூதா, புத்தளம் கரையில் தாம் கண்ட காட்சியைத் தம் பயணக் குறிப்பில் சொல்லியுள்ளார். ஆற்று வெள்ளம் அடித்து வந்த கருவா மரங்கள் கடற்கரையில் குன்றுகளாகக் குவிந்து கிடந்தனவாம். மஅபரிலிருந்தும் மலபாரிலிருந்தும் வந்தவர்கள் விலை கொடுக்காமல் அவற்றை ஏற்றிச் சென்றனராம். அதற்கு ஈடாக அந்நாட்டு மன்னருக்குத் துணி முதலியவற்றை அன்பளிப்பாக அளித்தனராம். மஅபர் என்று அரபியர் அழைத்தது நம் தமிழ்க் கடற்கரையைத்தான். துணியைக் கொடுத்துப் பட்டையைக் கொண்டுவந்தவர்களில் நம் முன்னோரும் இருந்திருப்பர் என்று எண்ண இடமுண்டு.

அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அரபு வணிகர்கள் இப்பொருளை மேற்கே கொண்டுசென்றனர். அது விளையும் இடம் கிரேக்கர்களுக்குத் தெரியாது. பெரும் பறவைகள் பட்டைக் குச்சிகளால் செங்குத்தான பாறைகளில் கூடு கட்டுவதாக ஹெரோடோட்டஸ் எழுதி வைத்தார். பின்னாளில் இதே பட்டைக்காகப் போர்த்துகீசியர் 1505இல் இலங்கைக்கு வந்தனர். டச்சுக்காரர் 1656இல் கொழும்பைப் பிடித்தனர். ஆங்கிலேயர் 1796இல் அவர்களை அகற்றினர். அந்த நீண்ட வரலாற்றுக்குள் நாம் செல்ல வேண்டியதில்லை. கொழும்பு நகரின் ஒரு பகுதிக்குக் கறுவாத்தோட்டம் என்னும் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

நம் கடையில் இருப்பது எது?

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். நம் மளிகைக் கடைகளில் ‘பட்டை’ என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் இலங்கைப் பட்டை அன்று. சீனா, வியட்நாம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து இறக்குமதியாகும் வேறு இன மரங்களின் பட்டை. வணிகர் இதைக் காசியா என்பர். சீனப் பட்டை என்று நாம் குறிப்பிடுவோம். வெறும் மணத்தில் இரண்டும் நெருங்கியவை. விலையில் பல மடங்கு வேறுபாடு உண்டு.

கையில் எடுத்துப் பார்த்தால் எவரும் வேறுபாட்டை அறியலாம். இலங்கைப் பட்டை வெளிர் பழுப்பு நிறமாக, காகிதம்போல் மெல்லியதாக இருக்கும். ஒரு குச்சியின் முனையைப் பார்த்தால் உள்ளே பல மடிப்புகள் அடுக்கடுக்காகத் தெரியும். விரலால் அழுத்தினாலே நொறுங்கும். நாவில் வைத்தால் இனிப்பு முன்னே வரும். காரம் மெல்லத்தான் வரும். சீனப் பட்டை தடிப்பானது, ஒரே அடுக்கு, கருஞ்சிவப்புச் சாயல் கொண்டது, ஒடிக்கப் பலம் வேண்டும், காரமும் துவர்ப்பும் தூக்கலாக இருக்கும். ‘சுருள் பட்டை’ என்று கேட்டு வாங்கினால் போதும் என்று சிலர் நினைக்கின்றனர். சீனப் பட்டையிலும் சுருள் உண்டு. எனவே மடிப்பைப் பார்க்க வேண்டும். தூளாக வாங்கினால் கண்ணால் கண்டுபிடிக்க வழியே இல்லை.

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் இவ்விரண்டும் தனித்தனிப் பொருள்களாகவே வரையறுக்கப்பட்டுள்ளன. நம் மக்களில் மளிகை வணிகம் செய்வோர் பலர் இருக்கின்றனர். தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் இருந்ததைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் அந்த வணிகரைக் கேட்ட நிகழ்ச்சி அவர்களுக்குத் தெரியாததன்று. சீனப் பட்டை விற்பது குற்றமில்லை. அதை இன்னதென்று சொல்லி விற்க வேண்டும்.

இந்த வேறுபாடு புதிய கண்டுபிடிப்பும் அன்று. இப்னு சீனா தம் ‘அல்கானூன்’ நூலில் தார்சீனி, ஸலீகா என்று இரண்டையும் தனித்தனி மருந்துகளாகவே எழுதியுள்ளார். தார்சீனி என்பது பாரசீகச் சொல். சீனத்து மரம் என்பது அதன் பொருள். பெயரில் சீனம் இருக்க, நாம் இன்று சிறந்ததென்று தேடுவது இலங்கைப் பட்டையை! சொற்களின் பயணம் அப்படிப்பட்டது. ஆயினும், பட்டை என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடக்கும் வழக்கம் பழைய ஹகீம்களிடம் இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கூமரின் என்னும் பொருள்

சீனப் பட்டையில் கூமரின் என்னும் மணப்பொருள் இயற்கையாகவே மிகுந்துள்ளது. அளவுக்கு மீறினால் இது கல்லீரலைத் தாக்கும். எல்லாரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. சிலருடைய உடல் இதை அறவே தாங்காது. அமெரிக்க அரசு 1954ஆம் ஆண்டிலேயே உணவில் கூமரின் சேர்ப்பதைத் தடை செய்தது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் வரை போகலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2004இல் வரையறுத்தது. 2006இல் ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம், சீனப் பட்டையை அதிகமாக உண்போரை எச்சரித்தது.

கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ளவருக்கு எல்லை 6 மில்லிகிராம். சீனப் பட்டைத் தூள் ஒரு கிராமில் சராசரியாக 3 மில்லிகிராம் கூமரின் இருக்கிறது. ஆக, நாள்தோறும் உண்பதானால் 2 கிராமுக்கு மேல் போகக் கூடாது. தேக்கரண்டி ஒன்றில் ஏறக்குறைய இரண்டரை கிராம் தூள் பிடிக்கும். எங்கள் பெரியவர் குடித்தது நாளுக்கு இரண்டு தேக்கரண்டி. அதாவது எல்லையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கோ அரை கிராமிலேயே எல்லை முடிந்துவிடுகிறது. சளிக்கு நல்லதென்று குழந்தைகளுக்குத் தினமும் பட்டைத் தூளைப் பாலில் கலந்து கொடுக்கும் தாய்மார்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இலங்கைப் பட்டையில் கூமரின் மிக மிகச் சிறிதளவே உண்டு. அதனால்தான் எந்தப் பட்டை என்ற கேள்வி விலையைப் பற்றியது மட்டுமன்று என்கிறேன்.

சர்க்கரை நோய்க்கு மருந்தா?

இக்கேள்விக்கு ஆம் என்றும் இல்லை என்றும் ஒரே சொல்லில் விடை கூற இயலாது. 2003ஆம் ஆண்டு பாகிஸ்தானின் பெஷாவர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், சர்க்கரை நோயாளிகள் 60 பேரை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். நாளொன்றுக்கு 1, 3, 6 கிராம் என்று 40 நாட்கள் பட்டைத் தூள் உண்டவர்களுக்கு, வெறும் வயிற்றுச் சர்க்கரை 18 முதல் 29 விழுக்காடு வரை குறைந்தது. உலகெங்கும் பட்டையின் புகழ் பரவ இதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த ஆய்வில் ஒரு செய்தியை யாரும் பிரசுரத்தில் அச்சிடுவதில்லை. அதில் பங்கேற்றவர்கள் தங்கள் மாத்திரையை நிறுத்தவில்லை. மாத்திரையுடன் சேர்த்தே பட்டையை உண்டனர். உண்டதும் சீனப் பட்டை.

பின்னர் வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக அமைந்தன. 2012இல் காக்ரேன் அமைப்பினர், 577 பேர் பங்கேற்ற 10 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை நோய்க்குப் பட்டையைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று முடிவு கூறினர். எனவே மாத்திரையை நிறுத்திவிட்டுப் பட்டையைக் குடிப்பது, இருக்கும் கதவைக் கழற்றிவிட்டுத் திரைச்சீலை கட்டுவது போன்றது. மாத்திரையுடன் சேர்த்து அளவுக்கு மேல் உண்டாலும் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போரும், கல்லீரல் கோளாறு உள்ளோரும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் பட்டையை மருந்தாக உண்ண வேண்டாம்.

முன்னோர் பயன்படுத்திய முறை

நம் முன்னோர் பட்டையைத் தேக்கரண்டியால் அளந்ததில்லை, சிட்டிகையால் அளந்தனர். செரியாமை, வயிற்றுப் பொருமல், குமட்டல், லேசான பேதி ஆகியவற்றுக்கே அது வீட்டு மருந்தாக இருந்தது. பட்டையின் துவர்ப்பு பேதியைக் கட்டுப்படுத்த உதவும். அதன் எண்ணெய்ச் சத்து வாயுவைக் கலைக்கும். விரல் கணு அளவு பட்டையுடன் சிறிது சுக்கும் ஓர் ஏலக்காயும் தட்டிப் போட்டு, இரண்டு டம்ளர் நீரை ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சிக் குடிப்பது, மழைக் காலத்தில் எங்கள் வீட்டில் என் தாயார் செய்து வந்த முறை. தொண்டைக் கட்டுக்கு இதமாக இருக்கும். ஓரிரு நாளில் குடித்து நிறுத்திவிடும் கஷாயம் அது. மாதக்கணக்கில் எவரும் குடித்ததில்லை.

சித்த மருத்துவத்தில் இருமலுக்கும் பசியின்மைக்கும் கொடுக்கப்படும் தாளிசாதிச் சூரணத்தில் பட்டை சேர்கிறது. யூனானியில் வயிற்றுக்காகக் கொடுக்கப்படும் ஜவாரிஷ் ஜாலீனூஸிலும் சேர்கிறது. இரண்டிலும் அது பல சரக்குகளில் ஒன்று. தனித்து நின்று ஆட்சி செய்வதில்லை. அதன் இயல்பு சூடு என்று இரு மருத்துவமும் கூறுகின்றன. கோடையில் குறைப்பதும், சூட்டு உடம்புக்காரருக்குத் தவிர்ப்பதும் இதனால்தான்.

பல்வலிக்குப் பட்டையை மென்று வைத்துக்கொள்வது பழைய வழக்கம். பட்டை எண்ணெயை அப்படியே ஈறில் தடவுவது வேறு விஷயம். அது மிகக் கடுமையானது, வாயைப் புண்ணாக்கிவிடும். குழந்தைகளின் பக்கமே கொண்டுசெல்லக் கூடாது.

சமையலைப் பற்றிச் சகோதரிகள் கவலைப்பட வேண்டியதில்லை. பத்துப் பேர் உண்ணும் நெய்ச்சோற்றில் இரண்டு துண்டு போடுகிறோம். உண்ணும்போது அதையும் எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறோம். நோன்புக் கஞ்சி அண்டாவிலும் அப்படித்தான். ஆளுக்கு வந்து சேரும் அளவு அற்பமானது. மருந்து என்று சொல்லித் தினமும் தூளை விழுங்க விரும்புவோரே இலங்கைப் பட்டையாகத் தேட வேண்டும். அவர்களும் முதலில் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பட்டையை முழுதாக வாங்கி, காற்றுப் புகாத புட்டியில் வைத்து, வேண்டும்போது இடித்துக்கொள்வது நலம். அரைத்து வைத்தால் மணம் பறந்துவிடும்.

இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டபின், இரண்டு வகைப் பட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு ஒரு ஜும்ஆவில் மிம்பருக்கு முன் நின்றேன். அன்று நான் வாசித்தது தவறு என்று சொல்லி, இங்கே எழுதியதைச் சுருக்கமாகச் சொன்னேன். அந்தப் பெரியவரும் முன் வரிசையில் நாற்காலியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் இப்போது மாத்திரையை ஒழுங்காக உண்கிறார். தொழுகை முடிந்ததும் கைத்தடியை ஊன்றி என்னிடம் வந்து, மெல்லிய பட்டையை வாங்கி மோந்து பார்த்தார்.

"அப்ப பிரியாணில போடலாமுங்களா, ஹஜ்ரத்?"

"தாராளமாப் போடுங்க பாய்" என்றேன்.